இருக்கையில் ஆள் இருக்கும்வரை

மில் ஹில், லண்டன்
7 ஒக்டோபர் 1990

அன்பின் எட்வேட் அண்ணைக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் இவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்களுக்கும் அருள்நாயகி மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை. மச்சாளின் முழங்கால் நோ இப்போது எப்படி? ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு அம்மாவின் கடிதம் எனக்கு ஒன்றும் வரவில்லை. உங்களுக்கு ஏதும் வந்ததா?

இது கொஞ்சம் விசித்திரமான காரியம். நாங்கள் வேலை செய்யும் கன்னியர்மாரின் முதியோர் இல்லத்துக்கு, பனியை அள்ளி எறியும் ஸ்நோ புளோவர் வாங்கப் போகிறார்கள். கனடாவில் ட்ரக்டர் கடையில் நீங்கள் அதைத்தானே விற்கிறீர்கள், திருத்துகிறீர்கள். இங்கே அதைக் கண்ணால் கண்டவர்களே குறைவு.

லண்டனுக்கு ஏன் இது என்று சிரிப்பீர்கள். நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில், எண்பத்தேழு ஜனவரியில் கொட்டிய பனியைப் பற்றி எழுதியிருந்தேனே. கேற்றிலிருந்து இல்லத்துக்கு ஏறும் பாதை செங்குத்து. அம்புலன்ஸ் கீழேயே நின்றுவிட்டது. சுகமில்லாத ஒரு வயதான சிஸ்டரை, கதவொன்றைக் கழற்றி அதில் கிடத்தி, இவரும் வேறு சிலரும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கேற்றடிக்குப் போகும்போது அவருக்கு உயிர் இல்லை. இல்லத்தை நடத்தும் மதர் அதை மறக்கவில்லை. இந்த வருடம் யாரோ காணிக்கை கொடுத்திருக்கிறார்கள். இவரைக் கூப்பிட்டு, ஓட்டப் போகிறவரே தெரிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டார்.

இவர் தோட்ட வேலைக்கு ஓட்டுகிற சின்ன ட்ரக்டரில்தான் பூட்ட வேண்டும். முன்னால் பூட்டுவதா, பின்னால் பூட்டுவதா, பனியைத் தள்ளுகிற வெறும் தகடு போதுமா என்று படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். முன்னால் பூட்டுவதில்தான் இவருக்கு ஆசை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இன்னுமொன்று. வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஓட்டுகிறவர் திடீரென்று சீற்றை விட்டு இறங்கினால் அது தானாக நின்றுவிடுமா? சும்மாதான் கேட்கிறேன்.

பதிலை என் பெயருக்கே போடுங்கள்.

அன்புத் தங்கை,
றோஸ்மலர்

*

பாரி, ஒன்டாரியோ
19 ஒக்டோபர் 1990

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது, சந்தோசம். எல்லாரும் சுகம். மச்சாளின் முழங்கால் மட்டும் குளிர் வந்ததும் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அம்மாவின் கடிதம் எனக்கும் இல்லை. கொழும்பில் தெரிந்த ஒரு சுவாமியார் மூலம் விசாரித்திருக்கிறேன். பயப்படாதே.

லண்டனில் ஸ்நோ புளோவரா என்று கடையில் சொல்லிச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது அந்தக் கதவில் கிடந்த சிஸ்டரை நினைத்தேன். சிரித்தது பிழை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். வெறும் தகடு பனியைத் தள்ளும், அவ்வளவுதான். பாதையோரம் மதில் இருந்தால் தள்ளியதை எங்கே வைப்பது? பாதை ஒடுங்கிக்கொண்டே வரும். புளோவர் அப்படியல்ல. முன்வாயில் இருக்கும் சுருள் அலகு பனியை நடுவுக்கு இழுக்கும். உள்ளே ஒரு விசிறி அதைக் குழாய் வழியாகத் தூரத்துக்கு எறியும். மதிலுக்கு மேலாலும் எறியலாம். அதைப் பின்னால் பூட்டினால் முழு நேரமும் கழுத்தைத் திருப்பியபடி றிவேர்சில் ஓட வேண்டும். செங்குத்தான பாதையில் அது வேண்டவே வேண்டாம். சூசைதாசன் மச்சான் சொல்வதுதான் சரி. முன்னால் பூட்டினால் போகிற வழி கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் வாங்குவதற்கு முன் அவரைக் குனிந்து ட்ரக்டரின் வயிற்றுக்குக் கீழே பார்க்கச் சொல்லு. நடுவில் சுழலும் தண்டு ஒன்று இருக்க வேண்டும். அதுதான் முன்னால் இருக்கும் இயந்திரத்துக்குச் சக்தி கொடுப்பது. பின் சக்கரங்களுக்குச் சங்கிலியும், பின்பக்கத்தில் பாரமும் தேவை. இல்லாவிட்டால் முன்னுக்கு இருக்கும் எடைக்குப் பின்பக்கம் வழுக்கிவிடும்.

குழாய் அடைத்தால் கையை உள்ளே விடவே கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தடியால்தான் குத்த வேண்டும். ஒவ்வொரு குளிருக்கும் விரல் போன யாராவது எங்கள் கடைக்கு வருவார்கள்.

சீற்றைப் பற்றிக் கேட்டாய். புதியவற்றில் சீற்றுக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆள் எழும்பினால் அலகு நின்றுவிடும். ஆனால் மச்சான் ஏன் ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கப் போகிறார்? சின்னப் பிள்ளையா?

எல்லாருடைய அன்பும் உனக்கு,
அண்ணை எட்வேட்

*

மில் ஹில்
11 நவம்பர் 1990

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் மன்றாடுகிறேன். இறந்தவர்களின் திருநாளுக்கு அப்பாவுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தோம். இங்கே இலை எல்லாம் கொட்டிவிட்டது. இவர் நாள் முழுக்கக் கூட்டுகிறார்.

நீங்கள் எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், கடைசிப் பகுதியைத் தவிர. உடனே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். தண்டு இருக்கிறது. பெரிய சந்தோசம்.

அண்ணை, சீற் சுவிட்ச் பற்றி இன்னொன்று கேட்க வேண்டும். ஆள் இறங்காமல், இருந்தபடியே முன்னுக்குச் சாய்ந்து ஸ்டியரிங்கில் கவிழ்ந்தால்? பாரம் சீற்றில்தானே இருக்கும். அப்போது என்ன நடக்கும்? அலகு சுழன்றுகொண்டே இருக்குமா, வண்டி போய்க்கொண்டே இருக்குமா? எங்கள் பாதையில் காலையில் சிஸ்டர்மார் நடந்து கோயிலுக்குப் போவார்கள். கை விட்டால் நின்றுவிடுகிற மாதிரி ஏதாவது பூட்ட ஏலுமா?

போனில் என்னால் கதைக்க முடியாது. போன் மதரின் அறை வாசலில் இருக்கிறது. இந்தக் கேள்வியை இவருக்கு எழுத வேண்டாம்.

தங்கை,
றோஸ்மலர்

*

பாரி
24 நவம்பர் 1990

அன்புத் தங்கச்சி,

சுகம் கேட்டு எழுதுகிற மனநிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தை அருள்நாயகி படித்துவிட்டு, "ஆரப்பா விழப்போறது?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக இந்தக் கடையில் நிற்கிறேன். பனி எவ்வளவு தூரம் பாயும், எஞ்சின் எத்தனை குதிரை என்று கேட்பார்கள். ஓட்டுகிறவன் கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டதற்குப் பதில் இதுதான். இருக்கையில் ஆள் இருக்கும்வரை இயந்திரத்துக்கு அவர் ஓட்டுகிறாரா, கவிழ்ந்து கிடக்கிறாரா என்று தெரியாது. அலகு சுழலும். வண்டி போகும். நடந்து தள்ளுகிற சின்ன மெசினுக்குத்தான் பிடியை விட்டால் நிற்கிற வசதி. அதன் பலம் உங்கள் பாதைக்குக் காணாது.

இனி நான் கேட்கிறேன். மச்சானுக்கு என்ன?

உடனே எழுது.
அண்ணை

*

மில் ஹில்
9 டிசம்பர் 1990

அன்பின் எட்வேட் மச்சானுக்கு,

சூசைதாசன் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும் அருள்நாயகியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். முன்கூட்டியே நத்தார் வாழ்த்துகள்.

உங்கள் ஆலோசனைக்கு நன்றி. முன்னால் பூட்டுகிற புளோவருக்கே ஓடர் கொடுத்தாயிற்று. சக்கரச் சங்கிலியும் வருகிறது. நல்ல தெரிவு என்று மதரும் சொன்னார்.

றோஸ்மலருக்கு நீங்கள் அனுப்பிய கடைசிக் கடிதம் வந்தபோது அவள் இல்லத்தின் உடுப்புத் தோய்க்கும் லோண்ட்ரியில் வேலையில் நின்றாள். நான்தான் உடைத்தேன். அது சரியல்ல என்று தெரியும். அதை அவளிடம் கொடுக்கவில்லை.

அவள் எதற்கும் பயப்படுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கு ஒன்றுமில்லை. சில நாட்களில் நித்திரை குறைவு, தலைச்சுற்று, அவ்வளவுதான். ஊரில் ஆமிக்காரர் பிடித்து வைத்திருந்து அடித்து விட்ட ஆட்களில் நடமாடுகிறவர்கள் எத்தனை பேர்? நான் நடமாடுகிறேன். வேலை செய்கிறேன்.

கேற்றடியில் இருக்கும் இந்தச் சின்ன வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். இதற்கு மேல் எழுத விரும்பவில்லை. நீங்களும் அவளுக்கு இதைப்பற்றி எழுதாமல் இருந்தால் பெரிய உதவி.

மச்சான்,
சூசைதாசன்

*

மில் ஹில்
28 டிசம்பர் 1990

அன்பின் அண்ணைக்கு,

பாலன் பிறப்பின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் வாழ்த்து மட்டை வந்தது. பிள்ளைகளின் கையெழுத்தைக் கண்டு அழுதேன். ஆனால் என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. கோபமா? இல்லை, என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டீர்களா?

இனி ஒளிக்கவில்லை. இவருக்கு வலிப்பு வருகிறது.

முதலில் குசினியில், அடுப்படியில் வந்தது. தலையில் பட்ட அடியின் மிச்சம் என்று இவரே சொன்னார். பிறகு மாதக்கணக்கில் இல்லை. மாதா காப்பாற்றினார் என்று நினைத்தேன். திரும்பவும் வந்தது. இந்த செப்டம்பரில் ட்ரக்டரில் வந்தது.

லோண்ட்ரி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். புல் வெட்டிக்கொண்டு போனவர் மூலையில் திரும்பவில்லை. ட்ரக்டர் நேராகப் போய் ரோசாப் பாத்தியை ஏறி மிதித்து, வேலிச் செடிக்குள் முட்டி, சக்கரம் மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போனபோது இவர் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து கிடந்தார். உடம்பு உதறியது. கீழே கத்தி சுழலும் சத்தம். சாவி எந்தப் பக்கம் திருப்புவதென்றுகூட எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் இழுத்து, எப்படியோ நின்றது.

நினைவு வந்ததும், "இஞ்சை என்ன செய்யிறாய்? வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டார். மதர் வந்ததும், குளவி துரத்தியது என்றார். மதர் என்னைப் பார்த்தார். நானும் ஓம் என்றேன்.

டொக்டரிடம் போவோம் என்றால், "அவன் எழுதிப்போடுவான். பிறகு நான் ஆர்? வீட்டுக்குள்ளை கிடக்கிற ஒருத்தன்" என்கிறார். ஒருவருக்கும் சொல்லக் கூடாதென்று என் கையில் செபமாலையை வைத்துச் சத்தியம் வாங்கினார். இந்தக் கடிதத்தால் அந்தச் சத்தியம் போய்விட்டது.

புளோவர் வந்து ட்ரக்டரின் முன்னால் பூட்டியாயிற்று. சிவப்பு நிறம். அந்த வாய்க்குள் ஒரு ஆள் குந்தியிருக்கலாம். இவர் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். வானொலியில் பனி என்ற சொல் வந்தால் நான் அதை நிறுத்திவிடுகிறேன்.

பதிலை வெம்பிளியில் இருக்கும் சிநேகிதி லூர்தம்மா வீட்டுக்குப் போடுங்கள். சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்வேன். விலாசமும் போன் நம்பரும் பின்பக்கத்தில்.

தங்கை,
றோஸ்மலர்

*

பாரி
8 ஜனவரி 1991

என் அன்புத் தங்கச்சி,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போதாவது நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் நவம்பரிலேயே பதில் போட்டேன். மச்சான் அதை உடைத்துப் படித்துவிட்டு எனக்குத் தனியாக எழுதினார். அவரோடு சண்டை பிடிக்காதே. அந்தக் கடிதம் முழுக்கப் பயம். அவர் தனக்கு ஒன்றுமில்லை என்று எழுதிய ஒவ்வொரு வரியிலும் அதைக் கண்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். ட்ரக்டரின் வயிற்றிலிருந்து புளோவருக்குப் போகும் தண்டில் ஒரு மெல்லிய போல்ட் இருக்கும். கல் ஏதும் அகப்பட்டால் தான் முறிந்து மற்றவற்றைக் காப்பாற்றுவதற்காக அதை வேண்டுமென்றே பலம் குறைவாகச் செய்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிடு. எஞ்சின் ஓடும், அலகு சுழலாது. மேலதிக போல்ட்டுகள் ஒரு பையில் வந்திருக்கும், அதையும் எடு. எஞ்சின் நின்ற பிறகுதான் கை வைக்க வேண்டும். படம் கீறி வைத்திருக்கிறேன், ட்ரக்டர் ஓட்டுகிற முறையையும் எழுதியிருக்கிறேன். எந்த லிவர் எதற்கு, எப்படி நிறுத்துவது எல்லாம். அடுத்த முறை சாவியைத் தேடி நீ தடுமாறக் கூடாது.

ஆனால் தங்கச்சி, போல்ட்டைக் கழற்றுவது வைத்தியமல்ல. பனி கொட்டுகிற நாளில் இன்னொரு சிஸ்டர் சாகக் கிடந்தால் என்ன செய்வாய்? அதற்கு முன் மதரிடம் போ. இந்த வலிப்பு வருத்தத்துக்கு மருந்து இருக்கிறது. எங்கள் கடைக்கு வரும் ஒருவர் குளிசை போட்டுக்கொண்டு வருடக்கணக்காக விழாமல் இருக்கிறார். மதர் நல்லவர் என்று முன்பு ஒரு கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய்.

அருள்நாயகி உனக்காக ஒவ்வொரு நாளும் செபம் சொல்கிறாள்.

அண்ணை

*

மில் ஹில்
27 ஜனவரி 1991

அன்பின் அண்ணைக்கு,

சுகம். இன்றைக்குவரை சுகம்.

இவர் பூசைக்குப் போயிருந்தபோது போல்ட்டைக் கழற்றினேன். பையையும் எடுத்தேன். இப்போது ஏப்ரன் பொக்கெற்றில் வைத்திருக்கிறேன். வேலைக்கு நடுவில் கையை விட்டு விட்டுப் பார்க்கிறேன். நீங்கள் எழுதிய லிவர் பாடத்தை இரண்டு தரம் இவர் இல்லாத நேரம் ட்ரக்டரில் ஏறி இருந்து பார்த்தேன்.

இவர் காலையில் எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார். பனியில்லாமல் அலகைச் சுழற்றக் கூடாதென்று மெசினோடு வந்த புத்தகத்தில் இருக்கிறதாம். அதனால் இன்னும் பிடிபடவில்லை.

மதரின் வாசலுக்குப் போனேன். கதவைத் திறந்து, "வா றோஸ், சூசையைப் போல ஒருவர் கிடைத்தது எங்கள் பாக்கியம்" என்றார். துவாய் மடிப்பதைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

றோஸ்மலர்

*

பாரி
9 பெப்ரவரி 1991

தங்கச்சி,

ரிவியில் லண்டனைக் காட்டினார்கள். ரயில் எல்லாம் நின்றுவிட்டதாம். பஸ்ஸுக்கு மேல் பனி. நேற்றிலிருந்து மதரின் போனுக்கு அடிக்கிறேன். மணி போகிறது, ஒருவரும் எடுக்கவில்லை. லூர்தம்மா வீட்டுக்கும் அடித்தேன், அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

கடிதம் போய்ச் சேர ஒரு கிழமை ஆகும் என்று தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எழுதுகிறேன். மச்சாள் பக்கத்தில் நிற்கிறாள்.

சுகமாயிரு. சுகமாயிருங்கள்.

அண்ணை

*

மில் ஹில்
19 பெப்ரவரி 1991

என் அன்பின் அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதுகிறேன். லூர்தம்மா போனில் சுருக்கமாகச் சொல்லியிருப்பாள். மிச்சத்தை நானே சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது கேற்றே தெரியவில்லை. மாவு மாதிரிப் பனி, நடந்தால் முழங்கால் மட்டும். நாங்கள் மதிலைப் பிடித்து ஏறிப் போனபோது இல்லத்தில் எல்லாரும் ஓடித் திரிந்தார்கள். சிஸ்டர் கிளேருக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. அம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. இவர் நேரே ட்ரக்டர் நிற்கும் ஷெட்டுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

எஞ்சின் ஓடியது. லிவரை இழுத்தார், அலகு சுழலவில்லை. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். எழும்பியபோது என்னைத்தான் பார்த்தார்.

"எங்கை அது?"

"என்னட்டைத்தான்."

"தா."

"தரமாட்டன்."

"மேலை ஒரு மனுசி சாகக் கிடக்கிறா. இண்டைக்கும் கதவிலை வைச்சுத் தூக்கச் சொல்லுறியோ?"

"நான் ஓட்டுறன். நீங்கள் பக்கத்திலை நிண்டு சொல்லுங்கோ."

"உனக்கு என்ன தெரியும்?"

"அண்ணை எழுதினவர்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். என்றைக்கும் அடித்ததில்லை, ஆனால் அந்த முகம் அப்படி இருந்தது. நான் போல்ட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். வாங்கித் தன் கையாலேயே பூட்டினார். "ஏறு" என்றார்.

அண்ணை, அந்தப் பயத்தை எப்படி எழுதுவது? முன்னால் அந்த வாய் பனியைத் தின்றுகொண்டு போகிறது. குழாயால் வெள்ளையாக மதிலுக்கு மேலால் பாய்கிறது. கீழே இறக்கம். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, இவர் நடந்து வந்தார். முன்னுக்கு மட்டும் வரக் கூடாதென்று சொல்லியிருந்தேன். "கிளச்சை மெல்ல விடு... மெல்ல... குழாயை வலப்பக்கம் திருப்பு... ஓம், அப்பிடித்தான்" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்தக் குரல் கேட்கும்வரை எனக்குத் தைரியம் இருந்தது.

வளைவுக்குப் பிறகு குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். பாதையில் விழுந்து கிடந்தார். பனியில் கால் உதைத்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். கேற்றடியில் அம்புலன்ஸ் வந்து நின்றது. அதிலிருந்த இருவரும் கண்டுவிட்டுப் பனிக்குள்ளால் ஏறி ஓடி வந்தார்கள். ஒருவர் இவரைப் பக்கவாட்டில் திருப்பினார். மற்றவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினார். இவரோடு இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இவரை நான் பார்த்துக்கொள்கிறேன். மிச்சப் பாதையை நீங்கள் திறக்க முடியுமா? வண்டி மேலே வர வேண்டும்" என்றார்.

நான் முடியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். இவருடைய உதடு நீலமாக இருந்தது. இவரை அப்படி விட்டுவிட்டு நான் ஒரு நாளும் எழும்பிப் போனதில்லை. எழும்பிப் போனேன். ஏறி இருந்து, சாவியைத் திருப்பி, கேற்றடிவரை ஓட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று பயம். வாய்விட்டு அழுதுகொண்டு ஓட்டினேன், எஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்டிராது.

அம்புலன்ஸ் ஏறிப் போய் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு இறங்கியது. நீங்கள் போன் அடித்தபோது மதரும் சிஸ்டர்மாரும் கோயிலில் இருந்திருப்பார்கள். பிறகு லைனும் கெட்டுப்போயிற்று.

சிஸ்டர் கிளேர் பிழைத்துவிட்டார். இன்னும் ஆஸ்பத்திரியில்தான், ஆனால் சாப்பாடு சரியில்லை என்று குறை சொல்கிறாராம்.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குளவிப் பொய்யையும் சேர்த்து. அவர் என்னை அணைத்துத் தேற்றுவார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. முகம் சிவந்துபோய், "என் சிஸ்டர்மார் நடக்கிற பாதையில் இதைத் தெரிந்துகொண்டே அவரை ஓட்ட விட்டாயா?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு தானே லோண்ட்ரிக்கு வந்து, உயிர்த்த ஞாயிறுவரை வீட்டில் இருக்கலாம், அதற்குப் பிறகு சிஸ்டர்மாரின் சபைதான் முடிவெடுக்கும் என்றார். போகும்போது ட்ரக்டர் சாவியை மேசையில் வைத்தார். "பனி இன்னும் முடியவில்லை. இது எங்கள் சொந்த நிலம். உனக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்றார். ஆகவே இப்போது நான்தான் ஓட்டுகிறேன், அண்ணை.

இவருக்குத் தலையைப் படம் எடுத்தார்கள். குளிசை தொடங்கியிருக்கிறார்கள். இனி வாகனம் ஓட்டக் கூடாதென்று டொக்டர் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் போவேன், ஒரேஞ் உரித்து வைப்பேன், வருவேன். ஒரு கதையும் இல்லை. சத்தியத்தை மீறியதை ஒரு நாளும் மன்னிக்க மாட்டார் என்றே நினைத்தேன்.

நேற்றுப் பின்னேரம் போனபோது நிமிர்ந்து இருந்தார்.

"நான் விழேக்கை எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. நீயும் சொன்னதில்லை. சொல்லு."

சொன்னேன். முதலில் இடக்கை உங்கள் சேட்டின் நுனியைக் கசக்கும். பிறகு கண் மேலே போகும். ஒரு சத்தம் வரும், அது உங்கள் சத்தம் மாதிரி இருக்காது. உதடு நீலமாகும். மூச்சு நிற்கும். அது திரும்பி வரும்வரை நான் உங்கள் தலைக்குக் கீழே என் சால்வையை மடித்து வைத்துக்கொண்டு இருப்பேன். ஒவ்வொரு முறையும் இந்த முறை வராது என்றுதான் நினைப்பேன். பிறகு வரும். நீங்கள் கண்ணைத் திறந்து, இஞ்சை என்ன செய்யிறாய் என்று கேட்பீர்கள்.

தன் இடக்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்த நேரத்திலை நான் அங்கை இல்லை. நீ மட்டும்தான், என்ன?"

"ஓம்."

"இவ்வளவு காலமும்?"

"ஓம்."

கட்டிலில் ஒரு பக்கமாகத் தள்ளிப் படுத்து இடம் விட்டார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் ஏறிப் படுத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்து நேர்ஸ் வந்து தோளில் தட்டும்வரை நித்திரையாய்க் கிடந்தேன்.

உங்கள் எல்லோருடைய சுகமும் அறிய ஆவல். அம்மாவைப் பற்றிச் செய்தி வந்தால் உடனே எழுதுங்கள். இனி வீட்டு விலாசத்துக்கே போடலாம்.

என்றும் உங்கள் தங்கை,
றோஸ்மலர்